பொருந்துகிற உதாரணங்கள்

1960இல் பிரசுரமான ஒரு சோதனை. 2, 4, 6 ஆகிய எண்கள் ஒரு விதிக்கு உட்பட்டவை. மும்மூன்று எண்களாகச் சொல்லிப் பார்த்து விதியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர். 8, 10, 12 என்கிற மாதிரிச் சொன்னவர்களுக்கெல்லாம் ‘பொருந்துகிறது’ என்று பதில் வந்தது. இரண்டிரண்டாகக் கூடுவதே விதி என்று தீர்மானித்துவிடத் தோன்றும். உண்மையான விதி, எண்கள் ஏறிக்கொண்டு போகவேண்டும், அவ்வளவுதான். தன் ஊகத்தை மீறி 2, 3, 17 என்று கேட்டிருந்தால் அது அப்போதே தகர்ந்திருக்கும். 29 பேரில் முதல் தடவையிலேயே சரியாகச் சொன்னவர்கள் 6 பேர்.

நம் விமர்சனமும் இப்படித்தான் நடக்கிறது. படிமமே கவிதை என்று முன்பே முடிவு கட்டிக்கொண்டு, படிமம் உள்ள கவிதைகளையே உதாரணம் காட்டுகிறோம். எல்லாம் பொருந்துகின்றன. பொருந்துவதையே நிரூபணம் என்கிறோம்.

பிறரைச் சொல்வானேன்? சில வருஷங்களுக்கு முன் ஒரு தொகுப்பை இந்த அளவுகோலால்தான் நிராகரித்து எழுதினேன். அதில், படிமம் ஏதுமின்றி வெறும் பேச்சாகவே நின்ற ஒரு கவிதை என்னை உலுக்கியிருந்தது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் விதியை உடைக்கக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான். அத்தொகுப்பை அந்தக் கவிதையிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.