ஒரே பெயர்கொண்ட ஆசிரியர்களும் தமிழ் நூற்பட்டியல்களும்

தமிழ் இதழியலில் ‘ரா. கிருஷ்ணமூர்த்தி’ என்ற பெயரில் புகழ்பெற்ற இருவர் உள்ளனர். ஒருவர் பொன்னியின் செல்வன் எழுதிய கல்கி (1899–1954). மற்றவர் தினமலர் நாளிதழின் ஆசிரியராக இருந்து 2021-ல் மறைந்த நாணயவியல் ஆய்வாளர். இருவரும் பத்திரிகையாசிரியர்கள், இருவரும் பழந்தமிழக வரலாற்றில் தோய்ந்தவர்கள். ஒருவர் பல்லவர், சோழர் காலங்களை நாவலாக்கினார். மற்றவர் சங்ககாலக் காசுகளை ஆராய்ந்தார். ராமசாமியின் மகனும் ராமசுப்பையரின் மகனும் நூலக அட்டையில் ஒரே ‘ரா.’ ஆகிவிடுகின்றனர். பதிப்பாண்டைக் கொண்டு பிரித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் கல்கியின் நூல்கள் இன்றும் அச்சாகின்றன. பட்டியலில் பெரும்பாலும் இருப்பது நூலகத்திலுள்ள படியின் ஆண்டுதான், முதற்பதிப்பின் ஆண்டு அல்ல.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் நூலகரின் கவனக்குறைவு மட்டுமன்று. குடும்பப்பெயரை முதலில் வைத்து அகரவரிசைப்படுத்தும் மேலைநாட்டு முறையில் இயற்பெயர் துணைப்பெயர்தான். தமிழ்ப் பெயரில் இயற்பெயரே தலைமை. அதற்கு முன்னால் நிற்பது தந்தை பெயர், ஊர்ப்பெயர் அல்லது இரண்டும். நூலக அறிவியலின் முன்னோடியான சீர்காழி இராமாமிர்தம் ரங்கநாதனின் (1892–1972) பெயரே இதற்குச் சான்று. 1934-ல் வெளிவந்த அவரது பட்டியலாக்க விதிநூலும், 1955-ல் பல விதிநூல்களை ஒப்பிட்டு எழுதிய நூலும் பெயர்த் தலைப்புகளைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. தலைப்பெழுத்து விலக்கத்தக்க பின்னொட்டு அன்று என்பது தமிழ்ப் பட்டியல்களில் இன்னும் முழுமையாக உணரப்படவில்லை.

ஆங்கிலப் பட்டியல்களில் ‘ஆர். பார்த்தசாரதி’ இன்னும் சிக்கலானவர். குருதிப்புனல் நாவலுக்காக 1977-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்திரா பார்த்தசாரதியின் இயற்பெயர் ரங்கநாதன் பார்த்தசாரதி. சிலப்பதிகாரத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1993-ல் வெளியிட்ட கவிஞர் ராஜகோபால் பார்த்தசாரதி. இந்திய இதழியலின் வரலாற்றை எழுதியவர் ரங்கசாமி பார்த்தசாரதி. மூவருக்கும் முதலெழுத்து ஒன்றே. தமிழ் வாசகர் முதல்வரை மற்ற இருவரோடு குழப்பிக்கொள்ளாததற்குக் காரணம், தன் மனைவியின் பெயரைப் புனைபெயரில் சேர்த்துக்கொள்ள அவர் எடுத்த முடிவுதான். நா. பார்த்தசாரதியும் (1932–1987) அதே காலத்தில் எழுதிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் அந்த ‘இந்திரா’ எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்பது புரியும்.

இது புதிய சிக்கல் அன்று. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களும் இதை எதிர்கொண்டனர். மாங்குடி மருதனார், மருதன் இளநாகனார், கடியலூர் உருத்திரங்கண்ணனார், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று ஊரும் தந்தையும் தொழிலும் சேர்த்தே புலவர் பெயர் குறிக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சு நூல்களின் முகப்புப் பக்கத்திலும் இவ்வழக்கம் தொடர்ந்தது. ஆறுமுக நாவலர் தம் பதிப்புகளில் யாழ்ப்பாணத்து நல்லூரை விடவில்லை. திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கும் (1815–1876) தெ. பொ. மீனாட்சிசுந்தரத்துக்கும் (1901–1980) இடையே வாசகர் தடுமாறாததற்கு முன்னொட்டுகளே காரணம். கல்யாணசுந்தரம் என்ற பெயரில் இது இன்னும் தெளிவு. திரு. வி. க. (1883–1953) சென்னைத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடி. பட்டுக்கோட்டையார் (1930–1959) பொதுவுடைமைக் கவிஞர். ‘தொழிலாளர்’ என்று பொருள்வழி தேடினாலும் இருவரும் சேர்ந்தே வரக்கூடும். திருவாரூரும் பட்டுக்கோட்டையும்தான் அவர்களைப் பிரிக்கின்றன.

முன்னொட்டு இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு ஔவையாரே சான்று. அதியமானைப் பாடிய சங்கப் புலவர் ஒருவர். ஆத்திசூடி, கொன்றைவேந்தன் ஆகிய நீதிநூல்களைப் பாடியவர் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர் என்பதே இலக்கிய வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. எனினும் பல நூலகங்களில் எல்லாம் ஒரே பெயரின் கீழ்தான் உள்ளன. அதியமான் தந்த நெல்லிக்கனியால் நீண்ட ஆயுள் பெற்றார் என்ற கதை இந்தப் பட்டியலுக்கு மிக வசதியாக அமைந்துவிட்டது. விளைவு வேடிக்கையானதன்று. மன்னனோடு கள்ளுண்டு, அவன் இறந்தபோது கையறுநிலை பாடிய பாணர் மரபுப் பெண், பாடப்புத்தகத்து மூதாட்டியின் முகத்துக்குப் பின்னால் மறைந்துபோகிறார். நக்கீரர் நிலையும் ஏறக்குறைய இதுவே. திருமுருகாற்றுப்படை பத்துப்பாட்டிலும் இருக்கிறது, சைவத்தின் பதினோராம் திருமுறையிலும் இருக்கிறது. திருமுறையில் அதனோடு நக்கீரதேவ நாயனார் பெயரில் வேறு நூல்களும் உள்ளன. தேடுபவர் எந்த நக்கீரரைத் தேடுகிறார் என்பதைப் பட்டியல் கேட்பதே இல்லை.

எழுத்துக்கூட்டல் தனித் தொல்லை. இராமலிங்கம் ‘இ’-யிலும் ராமலிங்கம் ‘ர’-விலும் போய்விட்டால், வள்ளலாரும் நாமக்கல் கவிஞரும் இரண்டு இழுப்பறைகளிலும் சிதறிக் கிடப்பார்கள். வெளிநாட்டு நூலகங்கள் கையாளும் ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் சகரத்துக்கு ‘சி’ என்ற எழுத்து வருகிறது. எனவே சுப்பிரமணியனை ‘எஸ்’-இல் மட்டும் தேடிய மாணவர் நூல் இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்.

பிறப்பு, இறப்பு ஆண்டுகளைப் பெயரோடு சேர்ப்பது உலகளவில் ஏற்கப்பட்ட தீர்வு. கல்கிக்கு அது போதும். ஒரு தலபுராணமும் இரண்டு பதிகங்களும் அச்சிட்டு மறைந்த சிற்றூர்ப் புலவருக்கு ஆண்டு எங்கிருந்து கிடைக்கும்? அவர் நூல் அதே பெயருடைய புகழ்பெற்றவரின் கணக்கில் ஏறிவிடுகிறது. அதன்பின் அவரை யாரும் தேடுவதில்லை. ஆண்டு கிடைக்காத இடத்தில் ஊர் கிடைக்கும். முகப்புப் பக்கத்தில் அச்சானபடியே முழுப்பெயரைப் பதிவு செய்தால் பாதிச் சிக்கல் தீரும். மீதிக்கு நூலின் உள்ளே செல்லவேண்டும். சிறப்புப்பாயிரம் தெரிவிக்கவேண்டிய செய்திகளில் முதலாவதாக நன்னூல் வைப்பது ஆக்கியோன் பெயரை. சாற்றுக்கவி கொடுத்தவர்கள் ஊர், ஆசிரியர், புரவலர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். பழைய நூலை மறுபதிப்புச் செய்வோர் பக்கத்தை மிச்சப்படுத்த முதலில் நீக்குவது அந்தச் சாற்றுக்கவிகளைத்தான்.