சின்ன 'டி', பெரிய 'டி'

சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வைத்துத்தான் நண்பர் அந்தப் புரூஃபைக் காட்டினார். அவருடைய சிறுகதையொன்று ஆங்கிலத்தில் வரவிருக்கிறது. 'இதப் பாருங்க தோழர்' என்று கைபேசியை நீட்டினார். ஒரே பத்தி. பிராமணர், வன்னியர், முதலியார் மூன்றுக்கும் முதலெழுத்து பெரிய எழுத்து. தலித் என்ற சொல்லுக்கு மட்டும் சின்ன 'டி'. மொழிபெயர்ப்பாளர் பெரிதாகத்தான் போட்டிருக்கிறார், பதிப்பாசிரியர் திருத்திவிட்டார். கேட்டதற்கு வந்த பதில் இது: சாதிகளின் பெயர்கள் தனிப்பெயர்கள், தலித் என்பது ஒரு நிலைமையைச் சொல்லும் அடைமொழி, இலக்கணம் அப்படி.

இலக்கணம் நமக்கும் கொஞ்சம் தெரியும். நன்னூல் பெயரைப் பொது, சிறப்பு என்று பிரிக்கிறது. மரம் பொதுப்பெயர், மா, பலா சிறப்புப்பெயர். ஆங்கிலத்தில் மாவும் பலாவும் சின்ன எழுத்துதான். ஜெர்மன்காரனோ மரத்துக்கே பெரிய எழுத்துப் போடுகிறான். ஆக, எது தனிப்பெயர் என்பது பொருளின் இயல்பில் இல்லை. யார் யாருடைய பெயரைப் பெயரென்று ஒத்துக்கொள்கிறார்கள் என்பதில் இருக்கிறது. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் கிளம்பியபோது, 'நொறுக்கப்பட்டவர்' என்கிற வெறும் வர்ணனையாகவா அந்தச் சொல்லைக் கையிலெடுத்தார்கள்? பிறர் வைத்த பெயர்களையெல்லாம் தள்ளிவிட்டுத் தாங்களே சூட்டிக்கொண்ட பெயர் அது. அதை மறுபடி அடைமொழியாக்குவது அரசியல். இலக்கணத்தின் மேல் பழியைப் போட வேண்டியதில்லை.

ஆங்கிலம் இதை நமக்கு முன்பே ஒருமுறை செய்திருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் நம் பறையர் என்ற பெயர் அங்கே போனது. போன இடத்தில் அது மெல்ல மெல்லச் சின்ன 'பி'யில் தொடங்கும் 'பரையா' ஆனது. பொருள்: எல்லோராலும் ஒதுக்கப்பட்டவன். உலக நாடுகள் சேர்க்காத நாடு 'பரையா ஸ்டேட்'. தெருநாய் 'பரையா டாக்'. உயிரோடு வாழும் ஒரு மக்களின் பெயரைப் பொதுப்பெயராக்கி வசைச்சொல்லாகப் புழங்குகிறார்கள். பெரிய ஜனநாயகவாதிகள்கூட கூச்சமில்லாமல் எழுதுகிறார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பத்திரிகை தொடங்கியதை இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். அயோத்திதாசர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. 1907இல் அவர் நடத்திய பத்திரிகை 'ஒரு பைசாத் தமிழன்'. இருவர் வழியும் வேறு. ஆனால் பெயரைத் தீர்மானிக்கிற உரிமையை இருவருமே அடுத்தவனிடம் விடவில்லை.

அமெரிக்கக் கறுப்பர்களுக்கும் இதே வழக்குதான். நீக்ரோ என்ற சொல்லுக்குப் பெரிய எழுத்து வேண்டுமென்று டு பாய்ஸ் 1899இலேயே தன் நூலில் எழுதினார். நியூயார்க் டைம்ஸ் அதை ஏற்றது 1930இல். 'பிளாக்' என்பதற்குப் பெரிய 'பி' போட, ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட 2020 வரை ஆனது. (பெல் ஹூக்ஸ் தன் பெயரைச் சின்ன எழுத்தில்தான் எழுதினார். அது அவராக எடுத்த முடிவு. இங்கே திருத்தியவர் வேறொருவர்.)

இவ்வளவும் சொல்லி முடித்தபோது நண்பருக்கு உற்சாகம். ஆனால் அவருடைய தமிழ்ப் பிரதியைப் பற்றி எனக்கு ஒரு தகராறு உண்டு. அதையும் அங்கேயே சொன்னேன்.

தமிழில் பெரிய எழுத்து கிடையாது என்று பெருமை பேசுகிறோம். அதன் வேலையை நம்மிடம் 'ன்'னும் 'ர்'ரும் பார்க்கின்றன. இவர் கதையில் வீராணத்துப் பாசன நிலத்தை வைத்திருக்கும் பண்ணையார் 'வந்தார்', 'உட்கார்ந்தார்'. அவரைவிடப் பத்து வயது மூத்த பண்ணையாள் 'வந்தான்', 'நின்றான்'. பாத்திரங்களின் பேச்சில் இருந்தால் வழக்கு என்று விட்டுவிடலாம். கதைசொல்லியே அப்படிச் சொல்கிறார். ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே 'ஹி'தான். அந்த இடத்தில் மொழிபெயர்ப்பு மூலத்தைவிட நியாயமாக இருக்கிறது.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நந்தன் கதை தெரியும். உயிரோடு வயலில் நின்றவரை நந்தன் என்றார்கள். சிதம்பரத்தில் நெருப்பில் இறங்கிய பிறகு நந்தனார். அந்த 'ஆர்' போட என்ன விலை கேட்டிருக்கிறார்கள் பாருங்கள். சுவாமி சகஜானந்தர் அதே சிதம்பரத்தில் 1916இல் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தபோது நெருப்பெல்லாம் கேட்கவில்லை. 'நந்தனார்' என்று பெயரை வைத்துவிட்டுப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

நண்பர் சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. 'எங்கப்பாவைத்தான் தோழர் அப்படி எழுதினேன். ஊரே அவர அவன் இவன்னுதான் கூப்பிட்டுச்சு. அத மறைக்கச் சொல்றீங்களா?' என்றார். நியாயமான கேள்விதான். ஊர் கூப்பிட்டதை ஊரின் வாயில் வையுங்கள், உங்கள் வாக்கியத்தில் ஏன் என்றேன். எல்லாரையும் 'அவன்' என்று எழுதினால், பண்ணையார் உட்பட, அதுவும் ஒரு வழிதான். எனக்கு அதில்தான் ருசி. அவருக்கு இல்லை.

பதிப்பாசிரியருக்கு அன்று ராத்திரியே பதில் எழுதிவிட்டார்: பெரிய 'டி' இல்லையென்றால் கதையைத் திருப்பி அனுப்புங்கள். தமிழ்த் தொகுப்பின் மறுபதிப்புக்கான பிரதி இன்னும் அவர் மேசையிலேயே கிடக்கிறது. போன வாரம் போனபோது முதல் இரண்டு பக்கங்களில் 'வந்தான்'களைச் சுற்றிப் பென்சிலில் வட்டம் போட்டிருந்தார். எதையும் இன்னும் மாற்றவில்லை.