கதைசொல்லியும் கதைப்பொருளும்: தமிழ்ப் புனைகதையில் பாட்டியின் இடமாற்றம்

முன்னுரை

தமிழ்ப் புனைகதையில் பாட்டி, பாட்டன் பாத்திரங்களை ஆராய்வோர் பெரும்பாலும் ஒரு முடிவுடனேயே தொடங்குகின்றனர். கூட்டுக்குடும்பம் சிதைந்தது, அதனால் முதியோர் மதிப்பிழந்தனர், கதை சொல்லும் பாட்டி மறைந்தாள் என்பதே அம்முடிவு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் இவ்விரங்கல் அடிப்படையான வினா ஒன்றை மறைத்துவிடுகிறது. கதை சொல்லும் உரிமை பெற்றிருந்த பாட்டி, குடும்பத்தில் முடிவெடுக்கும் உரிமையும் பெற்றிருந்தாளா என்பதே அவ்வினா. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’, நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’, ‘இலையுதிர்காலம்’, ஜெயகாந்தனின் ‘யுகசந்தி’ ஆகிய படைப்புகளை முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. பாட்டியின் வீழ்ச்சி என்று கூறப்படுவது உண்மையில் ஓர் இடமாற்றம் என்பதும், கதைசொல்லியாக இருந்தவள் கதைப்பொருளாக மாறியதே அவ்விடமாற்றம் என்பதும் இதன் கருதுகோள் ஆகும்.

பெயரும் பெயரனும்

‘பேரன்’ என்னும் சொல் ‘பெயரன்’ என்பதன் மரூஉ ஆகும். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். ஐங்குறுநூற்றின் செவிலி கூற்றுப் பத்தில், தலைவியின் இல்லறத்தைக் கண்டுவந்த செவிலி, தலைவனுடைய தந்தையின் பெயரைத் தாங்கிய புதல்வனைக் குறிப்பிடுகிறாள். தந்தையைக் கடந்து பாட்டனிடமிருந்து பேரனுக்குப் பெயர் செல்லும் இம்மரபு, ஒன்றுவிட்ட தலைமுறைகளுக்கிடையே தமிழ்ச் சமூகம் கண்ட நெருக்கத்தைப் புலப்படுத்துகிறது.

மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் இந்நெருக்கத்திற்குப் பொதுவான ஒரு விளக்கம் தருகிறார். அடுத்தடுத்த தலைமுறைகளான பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே அதிகாரமும் அடங்குதலும் அமைகின்றன. ஒன்றுவிட்ட தலைமுறைகளுக்கிடையே நட்பும் கேலியும் சமநிலையும் அமைகின்றன என்பது அவர் கருத்து. பேரனைக் கண்டிக்கும் பொறுப்பு தந்தைக்குரியதாக இருப்பதால், பாட்டன் அன்பு செலுத்தும் உரிமையைப் பெறுகிறான். அதிகாரத்திலிருந்து விலகியிருத்தலே அந்த அன்பிற்கு நிலைக்களம் என்பது இதனால் பெறப்படும். இக்கருத்து மேற்குறித்த படைப்புகளை வாசிக்க ஒரு திறவுகோலாக அமைகிறது.

கதைசொல்லும் பாட்டி

1976இல் வெளிவந்த ‘கோபல்ல கிராமம்’ நாவலில், தெலுங்கு நாட்டிலிருந்து மக்கள் தெற்கே புலம்பெயர்ந்த வரலாறு மங்கத்தாயாரு அம்மாள் என்னும் மூதாட்டியின் வாய்மொழியாகவே விரிகிறது. எழுதப்பெற்ற ஆவணம் ஏதுமற்ற ஒரு சமூகத்திற்கு அவளே ஆவணம். எனினும் ஊரின் நடைமுறைச் சிக்கல்களில் தீர்ப்புச் சொல்லும் இடம் கோட்டையார் வீட்டு ஆண்களிடமே இருக்கிறது. கடந்தகாலம் மூதாட்டிக்கும், நிகழ்காலம் ஆண்களுக்கும் எனக் காலமே பங்கிடப்பட்டுள்ளமை கருதத்தக்கது.

1968இல் வெளிவந்த ‘தலைமுறைகள்’ இப்பங்கீட்டை மேலும் கூர்மைப்படுத்துகிறது. அன்றைய திருவிதாங்கூரைச் சார்ந்ததும் 1956க்குப் பின் கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்கியதுமான இரணியல் இந்நாவலின் களம். திரவி என்னும் இளைஞனின் பாட்டி உண்ணாமலை ஆச்சி. சமூகத்தின் பழங்கதைகளும் சடங்குகளும் அவள்வழியாகவே அவனை வந்தடைகின்றன. திரவியின் தமக்கை நாகம்மை, பெண்மைக் குறையுள்ளவள் என்னும் பொய்ப்பழி சுமத்தப்பட்டுக் கணவன் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்படுகிறாள். பழியைச் சுமத்தியவனும் அதை நம்பிய ஊரும் துணைகொள்வது வழக்கத்தைத்தான். ஆச்சியின் மடியில் கதையாக இனித்த அதே மரபு, நாகம்மையின் வாழ்வில் தண்டனையாக இறங்குகிறது.

இந்நாவலை ஆச்சியின் மீதான ஏக்கமாக மட்டும் வாசிப்பது பொருந்தாது. ஆச்சி மரபை மாற்ற முற்படுபவள் அல்லள். அவள் அதைக் கையளிப்பவள். பெற்றுக்கொண்ட பேரனே அதை வினவுகிறான். ஆச்சியிடம் கதை கேளாத ஒருவனுக்கு எதை எதிர்ப்பது என்பதே தெரிந்திராது. எனவே, கதைசொல்லும் பாட்டி மரபின் காவலாக இருந்துகொண்டே, தன்னை அறியாமல், மரபை ஆராயும் அறிவையும் பேரனுக்கு வழங்கிவிடுகிறாள். நாவலின் தலைப்பு பன்மையில் அமைந்ததன் பொருத்தம் இவ்விடத்தில் விளங்கும்.

மரபை முறிக்கும் பாட்டி

‘தலைமுறைகள்’ ஆச்சி அறியாது செய்ததை, 1960களின் தொடக்கத்தில் எழுதப்பெற்ற ‘யுகசந்தி’ சிறுகதையின் கௌரிப் பாட்டி அறிந்தே செய்கிறாள். இளமையில் கைம்மை எய்தி, தலை மழித்து, ஆசாரத்தைத் தன் உடலிலேயே சுமப்பவள் அவள். பேத்தி கீதாவும் மணமான சில மாதங்களில் கணவனை இழக்கிறாள். நெய்வேலியில் ஆசிரியையாகப் பணியாற்றும் கீதா மறுமணம் செய்துகொள்ள முடிவு செய்து எழுதிய கடிதத்தைப் பாட்டியே மகனிடம் கொண்டுவருகிறாள். மகன் கணேசய்யர் மகளைத் தலைமுழுகத் துணிகிறார். பாட்டியோ பேத்தியுடன் வாழ நெய்வேலிக்குப் புறப்படுகிறாள்.

ஆசாரத்தின் குரலாக ஒலிப்பவர் மூத்த தலைமுறையினர் அல்லர், நடுத்தலைமுறையினரே என்பது இக்கதையின் நுட்பம். கணேசய்யருக்கு ஆசாரம் ஊரார்முன் காக்க வேண்டிய மானம். கௌரிப் பாட்டிக்கு அது வாழ்ந்து தீர்த்த துன்பம். விலை கொடுத்தவளுக்கே விலையின் கனம் தெரியும். ராட்கிளிஃப்-பிரவுன் சுட்டிய ஒன்றுவிட்ட தலைமுறை நட்பு இங்குக் கேலியாகவோ கொஞ்சலாகவோ நின்றுவிடாமல் அறநிலைப்பாடாக உயர்கிறது. அதேவேளை, பாட்டி மகனின் முடிவை மாற்றவில்லை; மாற்றும் அதிகாரம் அவளுக்கு இல்லை. வீட்டை விட்டு வெளியேறுதல் ஒன்றே அவளால் இயல்வதாக இருக்கிறது. பாட்டிக்கு இருந்ததாகக் கருதப்படும் அதிகாரத்தின் எல்லையை அவ்வெளியேற்றம் காட்டிவிடுகிறது.

சொத்துமுறையும் பாட்டனின் இடமும்

மேற்கண்ட படைப்புகள் மக்கள்வழிக் குடும்பத்தை அடிப்படையாகக் கொண்டவை. பாட்டன், பாட்டியின் இடம் எல்லாச் சமூகங்களிலும் ஒன்றே அன்று என்பதற்குத் திருவிதாங்கூர்ப் பகுதி தக்க சான்று. மருமக்கள்வழிக் குடும்பத்தில் சொத்து தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குச் சென்றது. தாயைப் பெற்ற பாட்டி வீட்டின் வேராக இருந்தாள். தந்தையைப் பெற்ற பாட்டனுக்கு அவ்வீட்டில் இடமே இல்லை. தமிழ் பேசும் நாஞ்சில்நாட்டு வேளாளரிடையேயும் இம்முறை நிலவியது. அதன் அவலத்தைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்னும் அங்கத நூலாக்கினார். 1925இல் நாயர் சட்டமும், 1926இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டமும் திருவிதாங்கூரில் இயற்றப்பட்டன. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் கேரளத்தில் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்துமுறையே ஒழிக்கப்பட்டது. பாட்டன், பேரன் உறவு இரத்தத்தால் மட்டும் அமைவதன்று. சொத்துமுறையும் அதனை வகுக்கிறது என்பது இதனால் தெளிவாகும்.

இவ்வேறுபாடுகளை இன்றும் ஒரே நிலப்பரப்பில் காணமுடிகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பொன்முடி மலையடிவாரத்திலுள்ள வித்துரா அதற்கு எடுத்துக்காட்டாகும். வித்துராவைச் சூழ்ந்த காடுகளில் காணிக்காரர் குடியிருப்புகள் உள்ளன. 1987இல் அகத்தியமலைப் பகுதிக்குச் சென்ற ஆய்வாளர்களுக்குக் காணிக்காரர் வழிகாட்டிகள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகை பின்னர் மருந்தாக்கப்பட்டு உலகறிந்தது. அம்மூலிகையறிவு முன்னோர் வழிவழியாகக் கையளித்த அறிவாகும். மலைமேல் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வந்துள்ளன. அத்தோட்டம் நலிவுற்றபின் அங்குள்ளோர் வேலை தேடி வேறிடம் செல்ல நேர்ந்தது. அடிவாரத்து மலையாளக் குடும்பங்களில், அப்பூப்பன், அம்மூம்மா என அழைக்கப்படும் முதியோர் மருமக்கள்வழி மறைந்தபின் உருவான குடும்பத்தில் வாழ்கின்றனர். குடியில் அறிவுக் கருவூலம், தோட்டத்தில் எஞ்சி நிற்பவர், அடிவாரத்தில் புதிய குடும்ப அமைப்பின் உறுப்பினர் என மூவகை முதுமைகள் ஒரு மலைச்சரிவில் அடுத்தடுத்து நிற்கின்றன. ‘பாட்டி’ என்னும் ஒற்றைப் படிமத்துள் இவற்றை அடக்கிவிட முடியாது.

பாட்டியின் உழைப்பு என்னும் கோணமும் இங்கு நினைக்கத்தக்கது. தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே ஆய்வு செய்த கிறிஸ்டன் ஹாக்ஸ் முதலானோர், கிழங்கு அகழ்ந்து பேரப்பிள்ளைகளுக்கு உணவளிக்கும் பாட்டியரின் உழைப்பை மனிதப் படிமலர்ச்சியிலேயே முதன்மையான கூறாகக் கருதினர். தமிழ்த் திறனாய்வு பாட்டியின் நாவைப் போற்றிய அளவுக்கு அவள் கைகளைக் கருத்தில் கொள்ளவில்லை. அயல்நாடுகளில் பணியாற்றும் மக்களின் குழந்தைகளை வளர்ப்பதற்காகக் கடல்கடந்து செல்லும் இன்றைய பாட்டியர் அக்கைகளின் தொடர்ச்சியே ஆவர்.

சட்டத்தின் பேரனும் இலையுதிர்காலமும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அறுபது வயதைக் கடந்தோர் கேரளத்தில் 12.6 விழுக்காடும், தமிழ்நாட்டில் 10.4 விழுக்காடும் ஆவர். முதுமை இனி வீட்டுக்குள் அடங்கும் பொருளன்று. அரசின் பொருளாகவும் ஆகிவிட்டது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் ‘பிள்ளைகள்’ என்பதற்குள் வயதுவந்த பேரன், பேத்தியையும் அடக்குகிறது. பாட்டனும் பாட்டியும் பராமரிப்புத் தொகை கோரித் தீர்ப்பாயத்தை அணுகலாம். சீனமோ 2013இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தத்தின் வழியாக, தனித்து வாழும் முதிய பெற்றோரை அடிக்கடி சென்று காணுமாறு பிள்ளைகளுக்கு விதித்தது. பெயரைத் தாங்கிய பெயரன், தொகை செலுத்தக் கடமைப்பட்டவனாகச் சட்டத்துள் நுழைந்துள்ளான். உறவு முறைகுன்றும்போதுதான் அது சட்டத்தின் மொழியில் எழுதப்படுகிறது.

அச்சட்டம் இயற்றப்பட்ட அதே 2007ஆம் ஆண்டில் நீல பத்மநாபனின் ‘இலையுதிர்காலம்’ சாகித்திய அகாதெமி விருது பெற்றது பொருத்தமான உடன்நிகழ்வாகும். 1938இல் திருவனந்தபுரத்தில் பிறந்த இவர், ‘தலைமுறைகள்’ நாவலில் மூதாட்டியை இளைஞனின் பார்வையில் நிறுத்தினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின் முதுமையையே நாவலின் பொருளாக்கினார். முன்னதில் முதுமை ஒரு குடும்பத்தின் பின்புலம். பின்னதில் முதுமையே முன்புலம். முன்னதில் கேட்கும் செவி ஒன்று ஆச்சிக்கு வீட்டிலேயே இருந்தது. பின்னதில் அச்செவியின் இடத்தை வாசகர் ஏற்கவேண்டியுள்ளது.

இம்மாற்றத்தில் இழப்பும் உண்டு; பேறும் உண்டு. கேட்பாரை இழந்தமை இழப்பு. பிறருடைய கதைகளைக் கடத்தும் வாயாக மட்டும் இருந்தவர், தமக்கென ஒரு வாழ்வும் துயரும் உடையவராக இலக்கியத்தில் ஏற்கப்பட்டமை பேறு. மங்கத்தாயாரு ஓர் இனத்தின் கதையைச் சொன்னாள். அவளுடைய கதை யாது என்று கேட்டவர் குறைவு.

முடிவுரை

ஒன்று, புனைகதையில் பாட்டிக்கு இருந்தது சொல்லும் உரிமையே. முடிவெடுக்கும் உரிமை அவளிடம் அரிதாகவே இருந்தது. அவ்வுரிமையின்மையே பேரப்பிள்ளைகளுடனான அவள் நட்பிற்கு அடிப்படையாயிற்று.

இரண்டு, பாட்டி மரபின் காவலர் மட்டும் அல்லள். ஆச்சியைப் போல அறியாமலும், கௌரிப் பாட்டியைப் போல அறிந்தும் மரபின் முறிவுக்கு அவள் வழியமைக்கிறாள்.

மூன்று, பாட்டன், பாட்டியின் இடம் சொத்துமுறை, தொழில், நிலம் ஆகியவற்றிற்கேற்ப வேறுபடுகிறது. மலைக்குடி, தோட்டம், மருமக்கள்வழி மரபு ஆகியவற்றின் முதுமைகளையும் தமிழாய்வு கருத்தில் கொள்ளவேண்டும்.

கூட்டுக்குடும்பத்தின் மறைவுக்கு இரங்குவது எளிது. அக்குடும்பத்தில் பாட்டி சொன்ன கதைகளைத் தொகுத்ததோடு தமிழுலகின் கடன் தீர்ந்துவிடவில்லை. அவள் சொல்லாமல் விட்ட தன் கதையைக் கேட்பதே இனி எஞ்சியுள்ள கடனாகும்.