முதலில் மொட்டைமாடி, அப்புறம் ஏசி

ஆந்திராவில் இருக்கும் நம் நாகலாபுரத்தில் ஏசி வாங்கக் கிளம்பும் எவரும் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி நல்லது?" என்பதுதான். ஒன்றரை டன், ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி ஒன்றை மாடி அறையில் மாட்டி, கத்திரி வெயிலிலும் ஐப்பசி மழையிலும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வியை நாலாவது இடத்துக்குத் தள்ளிவிடலாம் என்பது என் பதில். தலைக்கு மேலிருக்கும் கான்கிரீட் தளம், ஏசியைச் சுவரில் மாட்டும் ஆள், மாட்டிய பிறகு அதைக் கழுவும் ஒழுங்கு ஆகிய மூன்றும் அதற்கு முன்னால் வர வேண்டும். இவை சரியாக இருந்தால் பெயருள்ள எந்தக் கம்பெனியின் இன்வெர்ட்டர் ஏசியும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் உழைக்கும். அதனால் கம்பெனி பெயரை விட்டுவிட்டு, இந்த வகை ஏசி நம் ஊர் வெயிலில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை எழுதுகிறேன்.

ஏசிக்கும் நமக்கும் இப்போது நெருங்கிய தொடர்பு உண்டு. சத்தியவேட்டைத் தாண்டி, இங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஸ்ரீசிட்டியில் ப்ளூ ஸ்டாரும் டைகினும் 2023-இல் ஏசி தயாரிக்கத் தொடங்கின. எல்ஜி 2025 மே மாதம் அங்கே அடிக்கல் நாட்டியது. அந்தத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருக்கிறார்கள். நாடெங்கும் போகும் ஏசிகளைச் செய்யும் மாவட்டத்தில், அதைச் சரியாகப் பராமரிக்கத் தெரிந்த வீடுகள் இன்னும் குறைவாக இருப்பது எனக்கு வருத்தம்.

வெயிலின் கணக்கைப் பார்த்துவிட்டு ஏசிக்கு வருவோம். நம் அட்சரேகையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. அதனால் கோடை முழுக்கப் பெருவெயிலை வாங்குவது மொட்டைமாடி. அடுத்தபடியாக, பிற்பகலில் சாய்ந்த வெயிலை வாங்குவது மேற்குச் சுவர். மேற்கு வெயில் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாதேவியின் பெயரில் எழுப்பிய ஊர் இது. இங்குள்ள வேதநாராயண சுவாமி கோயில் மேற்கு பார்த்தது. பங்குனி வாக்கில் நடக்கும் சூரிய பூஜையின்போது, அந்திவெயில் ராஜகோபுர வாசல் வழியே கர்ப்பகிருகம் வரை சென்று, மூலவரின் பாதத்தில் தொடங்கி நாளுக்கு நாள் மேலேறித் திருமுடியைத் தொடுகிறது. கோயிலில் அது தரிசனம். மேற்கே கண்ணாடி ஜன்னல் வைத்த படுக்கையறையில் அதே வெயில் ஏசியின் சுமை.

கான்கிரீட் தளத்திடம் ஒரு குணம் உண்டு. பகலெல்லாம் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கப் போகும் நேரத்தில் மெல்ல மெல்லக் கீழே இறக்கும். இரவு ஒன்பது மணிக்கு அறையின் கூரையைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். ஏசி போட்டும் முதல் ஒரு மணி நேரம் புழுங்குவதற்கு இதுதான் காரணம். காற்று குளிர்ந்துவிடுகிறது, ஆனால் கூரையிலிருந்து அனல் நம் மேல் இறங்கிக்கொண்டே இருக்கிறது. பலர் உடனே ரிமோட்டில் 18 வைக்கிறார்கள். எந்த எண்ணை வைத்தாலும் கூரை அவ்வளவு சீக்கிரம் ஆறாது.

மாடியில் நன்றாக வெள்ளையடித்த பிறகு அந்த முதல் ஒரு மணி நேரத் தவிப்பு தெளிவாகக் குறைந்தது. மழைக்குத் தாங்கும் கூல் ரூஃப் பெயிண்ட் நல்லது; அதற்குப் பணமில்லை என்றால் பழைய முறையில் சுண்ணாம்புப் பூச்சு போதும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். எதை அடித்தாலும் கோடைக்கு முன் ஒரு தடவை புழுதியைக் கழுவிவிடுங்கள். அழுக்கேறிய வெள்ளை பாதி வேலைதான் செய்யும். தெலங்கானா அரசு 2023-இல் இதற்கென்றே ஒரு குளிர்கூரைக் கொள்கையை அறிவித்தது. நம் தாத்தாக்கள் மாடியில் தட்டோடு பதித்ததும் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டதும் இதே வேலைக்குத்தான். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே தொங்கும் திரையைவிட வெளியே தொங்கும் மூங்கில் தட்டி பல மடங்கு மேல். கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலைத் திரையால் திருப்பி அனுப்ப முடியாது.

இனி ஏசி. சாதாரண ஏசியின் கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும், இல்லையென்றால் நின்றுவிடும். இன்வெர்ட்டரில் வேகம் கூடிக் குறையும். அறை குளிரும் வரை வேகமாக ஓடிவிட்டு, பிறகு சில நூறு வாட் மின்சாரத்திலேயே அந்தக் குளிரைக் காப்பாற்றும். எனவே இதை அடிக்கடி அணைத்து அணைத்துப் போடும் பழைய பழக்கத்தை விட்டுவிட வேண்டும். 26-இல் வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால் விடியும் வரை சுகம். 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை உள்ள ஏசிகள் தாமாகவே 24-இல் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. 20-இல் தூங்குகிறவர் 26-க்கு வந்தால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக மிச்சமாகும்.

விளம்பரங்களில் பெரிதாகப் போடும் 'கன்வெர்ட்டிபிள்' வசதி, ஏசியின் திறனை 80, 60, 40 சதவீதம் என்று நாமே மட்டுப்படுத்துவது. அறையில் ஒருவர் மட்டும் படுக்கும் இரவுகளில் 60 சதவீதம் நன்றாகவே போதுகிறது. வீட்டில் இன்வெர்ட்டர் பேக்கப் வைத்திருப்பவர்களுக்கும் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இது உண்மையான பயன். எனக்கு அதைவிட அதிகம் பிடித்தது டிரை மோடு. வடகிழக்குப் பருவமழையில் வெளியே வெப்பம் குறைந்தும் உடம்பு பிசுபிசுக்கும் நாட்களில், ஈரத்தை மட்டும் எடுத்துத் தரும் இந்தப் பொத்தானைப் பல வீடுகளில் ஒருவரும் தொடுவதில்லை. ஆவியாதல் முறையில் வேலை செய்யும் ஏர்கூலர் இந்த நாட்களில் கைவிட்டுவிடும். அது பங்குனி, சித்திரையின் வறண்ட மதியங்களுக்கு மட்டுமே துணை.

வைஃபை செயலி பரவாயில்லை ரகம். விடியற்காலை நாலு மணிக்கு 28-க்கு ஏற்று, ஆறு மணிக்கு அணை என்று நேரம் குறித்து வைக்க உதவுகிறது. ஆனால் அதில் காட்டும் யூனிட் கணக்கு ஒரு மதிப்பீடுதான். நம்பகமான கணக்கு வேண்டுமென்றால் படுக்கும்போது ஒரு தடவை, எழுந்ததும் ஒரு தடவை வாசல் மீட்டரைப் பாருங்கள்.

மீட்டர் என்றதும் பில் பேச்சு வரும். ஊத்துக்கோட்டையில் இருக்கும் உறவினர் சொல்லும் பில்லோடு நம் பில்லை ஒப்பிடக் கூடாது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம். ஆந்திராவில் மாதாமாதம் பில். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டண அடுக்கில் 30 யூனிட் வரை 1.90 ரூபாய், 75 வரை 3, 125 வரை 4.50, 225 வரை 6, 400 வரை 8.75, அதற்கு மேல் 9.75. எரிபொருள் சரிக்கட்டுத் தொகை, வரி எல்லாம் இதற்கு மேல். விளக்கு, விசிறி, ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாம் கீழ் அடுக்குகளை நிரப்பிவிடும். ஏசி ஓடும் யூனிட்டுகள் 6 ரூபாயிலும் 8.75 ரூபாயிலும் போய் உட்காரும். அதாவது ஏசியில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டும் விலை உயர்ந்த யூனிட்.

நட்சத்திரத்துக்கு எவ்வளவு கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. முத்திரையில் ஐஎஸ்இஇஆர் என்று ஓர் எண் இருக்கும். அது கூடக் கூட மின்சாரம் மிச்சம். 2022 ஜூலையில் வந்த அளவுகோலின்படி ஸ்பிளிட் ஏசியில் மூன்று நட்சத்திரம் 3.80-இல் தொடங்கியது, ஐந்து நட்சத்திரம் 5.00-இல். அந்தக் கணக்கில் ஐந்து நட்சத்திரம் எடுக்கும் மின்சாரம் 24 சதவீதம் குறைவு. வருடத்துக்கு 1600 மணி நேரம் ஓடுவதாக வைத்துத்தான் அந்த முத்திரையில் யூனிட் கணக்குப் போடுகிறார்கள். இரவுக்கு எட்டு மணி நேரமாக இருநூறு இரவுகள். நம் ஊருக்கு அப்படியே பொருந்தும். மூன்று நட்சத்திரம் 1000 யூனிட் எடுத்தால் ஐந்து நட்சத்திரம் 760. மிச்சமாகும் 240 யூனிட் நம் அடுக்கில் 1440 முதல் 2100 ரூபாய் வரை. விலை வித்தியாசத்தை இந்தத் தொகையால் வகுத்துப் பாருங்கள். தினமும் ஓடும் அறை என்றால் ஐந்து நட்சத்திரம். விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் அறைக்கு மூன்றே போதும். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசி மீதான ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததையும் கடைக்காரரின் விலையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டுகிற நாளில் வீட்டில் யாராவது ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். செம்புக் குழாய்களை இணைத்ததும் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்குவம் பம்ப் வைத்து இழுத்த பிறகே கேஸைத் திறந்துவிட வேண்டும். அவசரத்தில் இருக்கும் சிலர் கொஞ்சம் கேஸை வெளியே பீய்ச்சிவிட்டு, "அயிப்போயிந்தி" (முடிந்துவிட்டது) என்று கிளம்பிவிடுவார்கள். உள்ளே தங்கும் ஈரம் கம்ப்ரசரின் ஆயுளை அரிக்கும். பம்ப் கொண்டுவந்தீர்களா என்று வாசலிலேயே கேளுங்கள். சுவரில் குழாய் நுழையும் ஓட்டையைப் புட்டி வைத்து அடைக்கச் சொல்லுங்கள். அதன் வழியாக அனல் காற்று மட்டும் வருவதில்லை. எறும்பும் பல்லியும் வரும். இன்வெர்ட்டர் ஏசியின் விலை உயர்ந்த பாகம் அதன் மின்னணுப் பலகை. அதில் பல்லி விழுந்து கருகினால் செலவு ஆயிரங்களில். 'ஸ்டெபிலைசர் தேவையில்லை' என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தாலும் எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை என்பதைப் படியுங்கள். வயல் மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடும் லைனில் வீடு இருந்தால் ஸ்டெபிலைசர் வாங்குங்கள்.

பராமரிப்பில் பாதி வேலை வீட்டுக்காரர் கையில். முன் மூடியைத் திறந்து, வலை ஃபில்டரைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்ட ஐந்து நிமிடம்கூட ஆகாது. கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. வேர்க்கடலை, நெல் அறுவடை நேரத்தில் தூசி பறக்கும்போது வாரம் ஒரு முறை. கழுவுவதற்கு முன் எம்சிபியை இறக்கிவிடுங்கள்.

மீதிப் பாதிக்கு மெக்கானிக் வேண்டும். 'டிரை சர்வீஸ்' என்று ஃபில்டரைத் தட்டிவிட்டுப் போவதற்குக் காசு கொடுக்காதீர்கள். தண்ணீர் சர்வீஸ் கேளுங்கள். காயில் மட்டும் பளபளத்தால் போதாது, அதற்குப் பின்னால் உருளும் புளோயர் சக்கரத்தையும் கழுவினார்களா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தச் சக்கரத்தின் இதழ்களில் தூசி படிந்தால்தான் சத்தம் கூடியும் காற்று குறைந்தும் போகும். தண்ணீர் வெளியேறும் குழாயில் பாசி அடைத்தால் அறைக்குள் சொட்டும். அதையும் ஊதிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அவுட்டோர் யூனிட்டுக்கு போர் தண்ணீர் வேண்டாம். உப்புத் தண்ணீர் காய்ந்தால் அலுமினியத் தகடுகளில் வெள்ளையாகப் படிந்து அரிக்கும். நல்ல தண்ணீரை, தகடுகளுக்கு நேராக, மென்மையாக அடிக்க வேண்டும். கார் கழுவும் வேகத்தில் அடித்தால் தகடுகள் மடங்கிக் காற்று போகும் வழியே அடைபடும். அந்த யூனிட்டைச் சுற்றித் தகரம் அடைத்துவிடாமல், மேலே மட்டும் நிழல் கிடைக்கும்படி வையுங்கள்.

அடுத்தது, நம் பக்கத்தில் மிக அதிகம் ஏமாறும் இடம். ஒவ்வொரு கோடையிலும் "கேஸ் தக்குவ உந்தி" (கேஸ் குறைவாக இருக்கிறது) என்ற வார்த்தை வீடு வீடாகக் கேட்கும். ஏசியின் கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. பெட்ரோல் மாதிரி செலவாகித் தீராது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஒழுகும் இடத்தை நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துக் கண்டுபிடித்து அடைத்து, வேக்குவம் செய்து, எடை பார்த்து நிரப்புவதே சரியான முறை. ஓட்டையை விட்டுவிட்டுக் கேஸை மட்டும் ஏற்றினால் அடுத்த கோடையில் அதே ஆள் மறுபடி வருவார். இன்று பெரும்பாலான வீட்டு ஏசிகளில் இருப்பது ஆர்32. பழைய ஆர்22, ஆர்410ஏ ஆகியவற்றோடு ஒப்பிட்டால் பூமியைச் சூடாக்கும் தன்மை இதற்குக் குறைவு. ஆனாலும் கார்பன்-டை-ஆக்சைடைப் போல் 675 மடங்கு. லேசாகத் தீப்பற்றக்கூடியதும்கூட. மூடிய அறைக்குள் கேஸ் இருக்கும்போதே பற்றவைப்பு விளக்கை எடுக்கும் ஆளைத் தயங்காமல் நிறுத்துங்கள்.

என் தீர்ப்பு இது. தினமும் படுக்கும் மாடி அறைக்கு ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஸ்பிளிட் வாங்கலாம். குளிரும் இரவு நேர அமைதியும் நிறைவு, டிரை மோடு அருமை, செயலி சுமார், மின்னணுப் பலகையின் விலை கவலை. பலகைக்கு எத்தனை ஆண்டு வாரண்டி என்பதைக் கம்ப்ரசர் வாரண்டியிலிருந்து தனியாகக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். ஐந்து நட்சத்திரத்துக்கும் மாடிப் பூச்சுக்கும் சேர்த்துப் பணம் போதாது என்றால் மூன்று நட்சத்திர ஏசியை வாங்கி, மிஞ்சியதை மொட்டைமாடிக்குச் செலவிடுங்கள். வெள்ளையடிப்பதையும் தண்ணீர் சர்வீஸையும் பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரலில் நல்ல மெக்கானிக்கைப் பிடிப்பது கடினம்.