கணக்கில் வராத காவிரி

முக்கொம்பில் பிரிகிறது காவிரி. வடபால் கொள்ளிடம், தென்பால் காவிரி, இடையே திருவரங்கத் தீவு. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. காவிரியின் படுகை உயர்ந்தது. தடுப்பு இல்லையேல், தண்ணீர் தாழ்ந்த வழியே சென்றுவிடும். தஞ்சைக் கழனிகள் காய்ந்துவிடும். இதை உணர்ந்து 1836-இல் அங்கே மேலணை கட்டத் தொடங்கினார் ஆர்தர் காட்டன் எனும் பொறியாளர். மந்திரம் ஓதியல்ல, மட்டம் பார்த்து!

அந்த மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள், 2018 ஆகஸ்ட் 22 அன்று இடிந்து வீழ்ந்தன. அதே மாத வெள்ளத்தில், திருச்சியையும் திருவரங்கத்தையும் அடுத்த கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத் தூண்களும் சரிந்தன. மணலைச் சுரண்டியதன் விளைவு என்றனர் ஆர்வலர் பலர். முதுமையும் வெள்ளமுமே காரணம் என்றது அரசு. அந்த வழக்கை இங்கே தீர்க்க முற்படவில்லை நாம். நாம் கேட்பது வேறொன்று: அணை உடைந்தது நாட்டின் பொருளாதாரக் கணக்கில் எங்கே பதிந்தது?

எங்கும் பதியவில்லை, தோழர்களே! மொத்த உள்நாட்டு உற்பத்தி எனும் ஏட்டில், இடிந்த மதகுகளுக்காக ஒரு காசும் கழிக்கப்படவில்லை. ஆனால் புதிய கதவணைக்கு ரூ.387.60 கோடி ஒதுக்கினார்களே, அந்தக் கட்டுமானப் பணி மட்டும் உற்பத்தி என்று வரவில் ஏறிற்று. இடிந்தால் இழப்பில்லை; இடிந்ததைக் கட்டினால் வளர்ச்சி! கூரை எரிந்த வீட்டுக்காரன், புதுக் கூரை வேய்ந்த செலவைக் காட்டி, "என் செல்வம் பெருகிற்று" என்று கூத்தாடினால், ஊரார் அவனை என்னவென்பர்?

இதே கணக்குத்தான் மணலுக்கும். ஒரு லாரி மணலின் விலையைப் பிரித்துப் பாருங்கள். தோண்டும் இயந்திரத்துக்கு வாடகை உண்டு. ஓட்டுநருக்குக் கூலி உண்டு. டீசலுக்கு விலை உண்டு. அரசுக்குக் கட்டணம் உண்டு. இடையில் நிற்போருக்கு இலாபம் உண்டு. ஆற்றுக்கு? ஒன்றுமில்லை! மணற்படுகை வெறும் குப்பையா? வெள்ளத்தை உறிஞ்சி நிலத்தடியில் சேமிப்பது அது; நீரை வடிகட்டித் தருவது அது. கம்பரசம்பேட்டையில் ஆற்றுப் படுகைக் கிணறுகளிலிருந்து திருச்சி மாநகரம் குடிநீர் எடுப்பது அந்தப் படுகையை நம்பித்தான். படுகை தாழ்ந்தால் நீர்மட்டம் தாழ்கிறது. கிணற்றை மேலும் ஆழப்படுத்துகிறோம். பெரிய மோட்டார் வாங்குகிறோம். அந்தச் செலவும் வளர்ச்சி என்றே எழுதப்படுகிறது!

பொருளியல் பேரறிஞர்கள் இதை அறியாதவர்களா? 1817-இல் நூல் எழுதிய ரிக்கார்டோ, மண்ணின் ஆற்றலை அழிக்கவொண்ணாதது என்று எண்ணினார். அழிக்க முடியும் என்பதைக் கொள்ளிடம் காட்டிவிட்டது. உழைப்பே செல்வம் அனைத்துக்கும் ஊற்று என்று தம் கட்சித் தோழர்கள் எழுதியபோது, 1875-இல் மறுத்தவர் மார்க்ஸ். இயற்கையும் உழைப்புக்கு ஈடான ஊற்றே என்றார் அவர். தேசிய வருமானத்தை அளக்கும் முறையை அமெரிக்காவுக்கு வகுத்தளித்த குஸ்நெட்ஸ், அந்த அளவைக் கொண்டு மக்கள் நலத்தை முடிவு கட்டலாகாது என்று 1934-இலேயே எச்சரித்தார். அளவுகோலை எடுத்துக்கொண்டனர் ஆட்சியாளர், எச்சரிக்கையை எறிந்துவிட்டனர்!

நம் நாட்டிலும் ஒருவர் பேசினார். தஞ்சையில் 1892-இல் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1945-இல் சிறையிலிருந்து எழுதிய நூலில், நிலைத்து நிற்கும் பொருளாதாரம் எது என்று வினவினார். நிலக்கரி, பெட்ரோலியம் போன்ற தேங்கிய இருப்பை எடுத்துத் தீர்ப்பது ஒருவகை. ஆண்டுதோறும் இயற்கை தரும் வரத்துக்குள் வாழ்வது மற்றொரு வகை என்று பிரித்துக் காட்டினார். கூர்மையான பிரிவு அது. அதை மணலுக்குப் பொருத்திப் பாருங்கள். வெள்ளம் கொணரும்வரை மணல் வரத்து. 1934-இல் எழுந்த மேட்டூர் அணை வண்டலையும் மணலையும் மேலேயே தேக்கிக்கொண்டபின், கீழே கிடப்பது பெரிதும் பழைய இருப்பு. இருப்பை வரத்தென்று எண்ணிச் செலவிடும் குடும்பம் என்ன ஆகும்?

ஆனால் குமரப்பாவின் மருந்தை அப்படியே விழுங்க இயலாது நம்மால். தனிமனிதரின் அறவுணர்வையும் தன்னிறைவுக் கிராமத்தையும் அவர் நம்பினார். கிராமம் என்றதும் பசுமை தெரிந்தது அவருக்கு. நமக்கோ அங்கே ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்த கோடும் தெரிகிறது. இயற்கையைக் காப்பதன் பேரால் பழைய ஏற்பாட்டுக்கு மக்களைத் திருப்பியனுப்புவது சீர்திருத்தமன்று.

பக்தி காக்குமா? காவிரியைத் தாயென்கிறார்கள்; அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஆடிப்பெருக்கன்று மஞ்சளும் மலரும் இடுகிறார்கள். தாயென்று தொழுததால் ஒரு பிடி மணல் தப்பியதுண்டா? சட்டம் காக்குமா? 2003-இல் மணல் குவாரிகளை அரசே ஏற்றது. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. உரிமையாளர் மாறினார், விதி மாறியது, மாறவில்லை கணக்கு! எடுப்பது வரவு, எடுத்தபின் இல்லாமற்போவது எங்கும் செலவில்லை என்ற கணக்கு நீடிக்கும்வரை, ஆற்றைச் சுரண்டுவதே இலாபம் தரும் தொழில்.

அந்தக் கணக்கு கல்லில் வெட்டியதன்று. 2025-இல் ஐக்கிய நாடுகள் அவையின் புள்ளியியல் ஆணையம் ஏற்ற புதிய தேசியக் கணக்கு முறை, இயற்கை வளம் குறைவதை உற்பத்திச் செலவாகக் கழிக்கச் சொல்கிறது. ஆனால் கழித்தபின் வரும் நிகர உற்பத்தியை மேடையில் முழங்குவோர் இல்லை. கழிக்காத மொத்த உற்பத்திக்கே மாலையும் மேளமும்!

ஆகவே இளைஞர்களே, "வளர்ச்சி இத்தனை விழுக்காடு" என்று எவர் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேளுங்கள். கழித்தது எவ்வளவு? ஆற்றின் படுகை எத்தனை அடி தாழ்ந்தது? ஆண்டுதோறும் அதை அளந்து, குவாரி வருவாய்க்குப் பக்கத்திலேயே எழுதி, ஊராட்சி மன்றத்தின் சுவரில் ஒட்டட்டும் அரசு. இலாபம் ஒருவருக்கும் வற்றிய கிணறு மற்றொருவருக்கும் போவதை அந்தச் சுவர் சொல்லட்டும். கடவுளின் கணக்கையே கேள்வி கேட்கத் துணிந்தவர்கள், கருவூலத்தின் கணக்கைக் கேட்கத் தயங்கலாமா?