சத்தமில்லாத காற்று

வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ் கேட்கும் காற்று மிகக் கொஞ்சம்: 15 முதல் 30 பிஎஸ்ஐ அழுத்தம், நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து லிட்டர். பஞ்சர் கடையில் கடகடக்கும் கம்ப்ரஸர் இதற்குத் தேவையே இல்லை. எண்ணெய் இல்லாத சிறு பிஸ்டன் வகை சுமார் 50 டெசிபலில் ஓடும். அருகே உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கலாம். ஃபிரிட்ஜ் மோட்டாரைக் கொண்டு செய்த எண்ணெய் வகை 40 டெசிபலிலேயே அடங்கிவிடும். அடுத்த அறையில் குழந்தை தூங்கும். ஆனால் கனம் அதிகம், சாய்த்தால் எண்ணெய் கசியும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிப் போவதானால் நிமிர்த்திக் கட்ட வேண்டும்.

மலைமேல் 1,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. அதே காற்றைத் திரட்ட மோட்டார் கூடுதல் நேரம் ஓடும். ஆகவே மலைக்குச் சற்றுப் பெரியதாக வாங்குவதே சரி. மூன்று லிட்டர் தொட்டியாவது வேண்டும். உண்மையான அமைதி தொட்டியில்தான் இருக்கிறது: நிறைந்ததும் மோட்டார் நின்றுவிடும், பிஸ்டனின் துடிப்பும் கோட்டில் ஏறாது. தலைமுடி அளவுக்குக் கோடு இழுப்பவருக்கு அது பெரிய வரம்.

மேகம் வாசல்வரை வரும் மாதங்களில் ஈரம்தான் எதிரி. அழுத்திய காற்று ஆறும்போது நீர் பிரியும். ஒரு துளி தெறித்தாலும் பூசிய நீலம் திட்டுத்திட்டாகிவிடும். குழாயில் ஈரம் பிடிக்கும் கிண்ணம் கட்டாயம். வேலை முடிந்து தொட்டியின் அடித்திருகைத் திறந்தால், புஸ்ஸென்று கலங்கல் தண்ணீர் சொட்டும். அடியில் ரப்பர் பாய் விரித்தால் தரையின் அதிர்வும் அடங்கும்.