‘ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்று எழுதும் முன்



பயிற்றுப்பணிக்கு வரும் பயிற்சி ஆசிரியர்கள் நாள் பாடத்திட்டத்தின் கீழே சிந்தனை மீட்சி எழுதுவார்கள். பலவற்றைப் படித்தால் ஒரே குரல்தான் கேட்கும். “30 மாணவர்களில் 25 பேர் இன்றைய பாடத்தின் நோக்கத்தை அடைந்தனர். தகவல் தொழில்நுட்பப் பயன்பாடு மாணவர்களின் ஆர்வத்தைத் தூண்டியது. எஞ்சிய மாணவர்களுக்குக் குறைநீக்கல் போதனை வழங்கப்படும்.” இதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் சிந்தனை எங்கே இருக்கிறது? மாணவர் எங்கே இருக்கிறார்?

மீட்டுச் சிந்திப்பது பற்றி ஜான் டூயி 1910ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். ஒரு குழப்பத்தில், ஒரு ஐயத்தில்தான் சிந்தனை தொடங்குகிறது என்பது அவர் கருத்து. 1983இல் டானல்ட் ஷோன், செயலின்போதே சிந்திப்பது, செயலுக்குப் பின் சிந்திப்பது என இரண்டாகப் பிரித்துக் காட்டினார். இரண்டையும் பயிற்சி ஆசிரியர்கள் விரிவுரையில் படித்திருப்பார்கள். ஆனால் ‘25 பேர் அடைந்தனர்’ என்ற வரியில் எந்த ஐயமும் இல்லை. அது கணக்கு ஒப்படைப்பு, அவ்வளவுதான்.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். பலரும் எழுதும் நடையில் நானே அமைத்தது இது:

“படிவம் 2 மாணவர்களுக்கு வலிமிகும் இடங்களைக் கற்பித்தேன். கஹூட் வழி பத்துக் கேள்விகள் கேட்டேன். மாணவர்கள் மிகுந்த ஆர்வத்துடன் பங்கேற்றனர். 22 பேர் சரியாக விடையளித்தனர். தொழில்நுட்பம் கற்றலை எளிமையாக்குகிறது என்பதை உணர்ந்தேன்.”

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கருவி உண்மையில் என்ன செய்தது என்று கொஞ்சம் நின்று பாருங்கள். கஹூட்டில் வழக்கமான அமைப்பில் சரியான விடைக்கு மட்டுமல்ல, வேகத்துக்கும் புள்ளி உண்டு. தமிழை நிதானமாக எழுத்துக் கூட்டிப் படிக்கும் மாணவர் விடை தெரிந்தும் பின்தங்குவார். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். பத்துக் கேள்வி முடியும்வரை எந்த மாணவரும் ஒரு தமிழ்ச் சொல்லை எழுத வேண்டியதில்லை, வாயால் சொல்லவும் வேண்டியதில்லை. நிறத்தைத் தொட்டால் போதும். அப்படின்னா அந்த ஆரவாரம் தமிழுக்கா, போட்டிக்கா? பதிவு இந்தக் கேள்வியைத் தொடவே இல்லை.

இதே நாளைப் பற்றி வேறு மாதிரியும் எழுதலாம்:

“‘அந்தப் பையன்’ என்ற கேள்விக்கு 22 பேர் சரியான விடை தந்தனர். புத்தகத்தில் மூன்று வாக்கியம் எழுதச் சொன்னபோது 9 பேர்தான் ‘பள்ளிக்குப் போனேன்’ என்று ஒற்றோடு எழுதினர். என் பத்துக் கேள்விகளில் ஏழு சுட்டைப் பற்றியவை. ‘கு’ உருபுக்குப் பின் வரும் ஒற்றை நான் போதிய அளவு கேட்கவில்லை. நாளை வாக்கியங்களை உரக்க வாசிக்கச் சொல்வேன்.”

இங்கே எண் இருக்கிறது, மாணவரின் எழுத்து இருக்கிறது, காரணம் இருக்கிறது, நாளைக்கு ஒரு வேலையும் இருக்கிறது. அந்த வேலையும் சும்மா சொன்னதில்லை. வீட்டில் “கடைக்குப் போய்ட்டு வரேன்” என்று சொல்லும் பிள்ளையின் வாயில் அந்த ‘ப்’ ஏற்கெனவே இருக்கிறது. காது அறிந்ததைக் கைக்குக் கொண்டுவருவதுதான் ஆசிரியர் வேலை. சத்தமில்லாத விநாடி வினா அந்த வழியை அடைத்துவிடுகிறது.

தட்டச்சுக்கும் இதே சோதனையைச் செய்து பாருங்கள். நம் நாட்டில் 1985இல் முத்து நெடுமாறன் உருவாக்கத் தொடங்கிய முரசு அஞ்சல் முறையில், சிறிய எல் அடித்தால் லகரம், பெரிய எல் அடித்தால் ளகரம், இசெட் அடித்தால் ழகரம். எது வேண்டும் என்று மாணவர் முடிவுசெய்தாக வேண்டும். சில எழுத்துப்பெயர்ப்புச் செயலிகளில் ஆங்கில எழுத்தில் ஏதோ ஒன்றை அடித்தால் போதும், செயலியே சொல்லைப் பரிந்துரைக்கும். இரண்டு மாணவர்களும் ‘வாழை’ என்று பிழையின்றி ஒப்படைப்பார்கள். ஒருவர் ழகரத்தை அறிந்து எழுதினார், இன்னொருவர் பட்டியலில் முதலில் வந்ததைத் தொட்டார். ‘கணினிவழிக் கட்டுரையில் எழுத்துப்பிழை குறைந்தது’ என்று சிந்தனை மீட்சியில் எழுதுபவர், குறைந்தது யாருடைய பிழை என்று சொல்ல வேண்டாமா?

இது சின்ன விஷயம் இல்லை. இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பை நினைத்துப் பாருங்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தாய்மொழி வகுப்புக்கு வழி உண்டு. அப்படிக் கேட்டுப் பெற்ற வகுப்பு சில பள்ளிகளில் வழக்கமான அட்டவணைக்கு வெளியேதான் நடக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவரும் தேசியப் பள்ளியிலிருந்து வந்தவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். கைப்பேசிக்கு அனுமதி இல்லாத இடத்தில், ஒரு கஹூட்டுக்காக வகுப்பையே கணினிக்கூடத்துக்கு அழைத்துப் போக வேண்டும். போக, வர, கடவுச்சொல் போட என்று நிமிடங்கள் கரையும். வாரத்தில் கிடைக்கும் சில பாடவேளையில் ஒரு மாணவர் எத்தனை நிமிடம் தமிழில் பேசினார், எழுதினார்? அதுதான் கணக்கு.

பழியை முழுக்கப் பயிற்சி ஆசிரியர் மேல் போட்டுவிட முடியாது. படிவத்தில் இரண்டு அங்குலக் கட்டம் கொடுத்துவிட்டு ஆழமாகச் சிந்தியுங்கள் என்கிறோம். ‘பாடம் வெற்றி பெற்றது’ என்று எழுதியவருக்குக் கையொப்பம் உடனே கிடைக்கிறது. ‘9 பேர்தான் எழுதினர்’ என்று எழுதியவரிடம் ஏன் என்று விசாரணை நடக்கிறது. அப்புறம் யார் உண்மையை எழுதுவார்? வழிகாட்டி ஆசிரியர்களே, பார்வைக்கு வரும் விரிவுரைஞர்களே, நேர்மையான ஒரு தோல்விக் குறிப்புக்கு நல்ல மதிப்பு தாருங்கள். புதியவர்களின் கண்ணுக்குத் தெரியும் சில விஷயங்கள் நமக்குப் பழகிப்போய்த் தெரியாமல் போகின்றன. ‘பின்வரிசை மாணவி கேள்விக்கு விடையைத் தோழியின் காதில் மட்டும் சொன்னாள்’ என்று ஒரு பயிற்சி ஆசிரியர் எழுதினால், பாடத்துக்குத் தொடர்பில்லை என்று அடித்துவிடாதீர்கள். அந்த நாளின் முக்கியமான வரியே அதுவாக இருக்கலாம்.

பயிற்சி ஆசிரியர்களே, எழுதி முடித்ததும் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்.

1. மாணவர் சொன்ன அல்லது எழுதிய ஒரு சொல்லாவது என் பதிவில் இருக்கிறதா?
2. கருவியின் பெயரை எடுத்துவிட்டாலும் அங்கே கற்றல் மிஞ்சுகிறதா?
3. நாளை நான் மாற்றிச் செய்யப்போவது ஒரு வினைச்சொல்லில் தெரிகிறதா?

எஸ்.பி.எம். எழுதப்போகும் மாணவர்களே, இது உங்களுக்கும் பொருந்தும். தொழில்நுட்பத்தின் நன்மைகளைப் பற்றிக் கருத்து விளக்கக் கட்டுரை எழுதும்போது ‘இணையம் அறிவை வளர்க்கிறது’ என்று மூன்று பத்தியிலும் சொல்வதில் பயனில்லை. எந்த அறிவு, யாருக்கு, எப்படி என்று ஒரு சான்றைக் காட்டி விளக்குங்கள். ‘ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்பதும் ‘அறிவை வளர்க்கிறது’ என்பதும் ஒரே வகை வாக்கியம். எழுதியவர் எதையும் உற்றுப் பார்க்காமலேயே இரண்டையும் எழுதிவிடலாம்.

சிந்தனை மீட்சி என்ற பெயரிலேயே மீட்பது என்ற சொல் இருக்கிறது. வகுப்பறையில் நடந்ததிலிருந்து குறைந்தது ஒரு மாணவரின் ஒரு வாக்கியத்தையாவது மீட்டுக் கொண்டுவாருங்கள். மறுநாள் பாடத்தை அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்கலாம்.